வண்ணத்தை வாங்கலாம், மண்ணை வாங்க வேண்டாம்

உள்ளங்காலிலிருந்து கண் வரை 15 மில்லிமீட்டர் உயரமுள்ள ஓர் உலோகச் சிப்பாய்க்கு எத்தனை முறை தூரிகை பிடிக்க வேண்டும்? பழைய கணக்கில் ஏழெட்டு முறை. முதலில் ப்ரைமர் என்ற அடிப்பூச்சு, பிறகு உடல் நிறம், அதற்கு நிழல், மேடான இடங்களுக்கு வெளிர் நிறம். இடுப்புத் துணிக்கும் இதே வரிசை. கடைசியில் தலைமுடி, ஈட்டி, கேடயம். 2019 ஜூனில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் தனது சிட்டடெல் வண்ண வரிசையில் ‘கான்ட்ராஸ்ட்’ என்ற பெயரில் 34 நிறங்களை இறக்கியது. வெளிர் ப்ரைமர் மேல் ஒரே பூச்சு, நிழலும் வெளிச்சமும் தானாக வந்துவிடும் என்பது அதன் விளம்பரம். 2022இல் டென்மார்க்கின் ஆர்மி பெயின்டர் ‘ஸ்பீட்பெயின்ட்’ கொண்டுவந்தது. ஸ்பெயினின் வயேஹோ நிறுவனமும் ‘எக்ஸ்பிரஸ் கலர்’ என்று ஒன்றை விற்கிறது. மூன்றுக்கும் அடிப்படை வித்தை ஒன்றுதான்.

வித்தை பலிக்கிறதா என்று ஐரோப்பிய மேசைகளில் ஆயிரம் பேர் பார்த்தாகிவிட்டது. திருவள்ளூர் மாவட்டத்து ஆரணியில் நிலைமை வேறு. சித்திரையில் மின்விசிறிக்கு அடியில் வைத்த வண்ணம் தட்டிலேயே காய்ந்து போகும். ஐப்பசியில் துவைத்துப் போட்ட துண்டே இரண்டு நாள் காயாது. கிழக்கே பழவேற்காட்டு ஏரி, வடக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை, ஊரை ஒட்டி ஆரணியாறு. காற்றில் எப்போதும் ஈரம். இந்த ஊரில் ஒரு பண்டைய படையை வண்ணம் பூசி, மண்ணும் புல்லும் ஒட்டிய பேஸில், அதாவது அடித்தட்டில், நிறுத்துவதற்கு எந்தப் பொருளுக்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பதே இந்த விமர்சனத்தின் கேள்வி.

எந்தப் படை? ‘ஆரணிப் போர்’ என்று தேடுகிறவருக்கு 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ் வென்ற சண்டை கிடைக்கும். 1782இல் ஹைதர் அலியும் அயர் கூட்டும் மோதியதும் கிடைக்கும். இரண்டும் திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணிக்குச் சொந்தம். பட்டுச் சேலை வாங்க வந்து வழி தவறியவர்களுக்கு இந்தக் குழப்பம் பழக்கமானது. தவிர, துப்பாக்கி வந்துவிட்டால் அது பண்டைய படை ஆகாது. மேசைப் போர் விளையாட்டுக்காரர்கள் பண்டையக் கணக்கைக் கி.மு. 3000 அளவில் தொடங்கி, துப்பாக்கி ஓங்கும் காலம் வரை இழுப்பார்கள். அந்தக் கணக்கில் பக்கத்திலேயே ஒரு பெரிய போர் இருக்கிறது. ஆரணிக்குத் தென்மேற்கே சுமார் 50 கிலோமீட்டரில், அரக்கோணத்தை அடுத்த தக்கோலம்.

949இல் அங்கே முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் தலைமையில் சோழர் படையும், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படையும் மோதின. கிருஷ்ணனின் பக்கம் கங்க மன்னன் பூதுகன் இருந்தான். யானை மேல் இருந்தபடியே இராசாதித்தன் கொல்லப்பட்டான். சோழர் கல்வெட்டுகள் அவனை ‘ஆனைமேல் துஞ்சின தேவர்’ என்று சொல்கின்றன. எதிர்த்தரப்பின் பதிவு கர்நாடகத்து ஆதகூர்க் கல்வெட்டில் உள்ளது. பூதுகனின் வீரன் ஒருவனுக்குப் பரிசாகக் கிடைத்த காளி என்ற வேட்டை நாய், பன்றியோடு சண்டையிட்டு இறந்த கதையும் அதே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. ஒரு பேரரசின் தோல்வியும் ஒரு நாயின் சாவும் ஒரே கல்லில் இடம்பிடித்த விந்தையை விளையாட்டுக்காரர்கள் கவனிக்காமல் விடக்கூடாது. பேஸின் மூலையில் ஒரு நாயை நிறுத்த இதைவிட நல்ல சான்று கிடையாது.

தமிழ் வாசகருக்கு இந்தப் பொழுதுபோக்கே அயலாகத் தோன்றலாம். அவ்வளவு அயல் இல்லை. யானை, குதிரை, தேர், காலாள் என நாற்படையைப் பலகையில் நிறுத்தியது இந்தியச் சதுரங்கம். அளவுகோலும் விதிப்புத்தகமும் கொண்ட நவீன மேசைப் போருக்கு எச்.ஜி. வெல்ஸ் 1913இல் எழுதிய ‘லிட்டில் வார்ஸ்’ ஒரு தொடக்கம். 1969இல் இங்கிலாந்தில் உருவான வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப், பண்டைய படைகளுக்கென்றே விதிகளும் படைப்பட்டியல்களும் வெளியிட்டது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஃபில் பார்க்கரின் பெயரோடு 1990இல் வந்த ‘டி பெல்லிஸ் ஆன்டிக்விட்டாட்டிஸ்’, சுருக்கமாக டி.பி.ஏ., ஒரு முழுப் படையையும் 12 பேஸ்களுக்குள் அடக்கியது. இரண்டடிச் சதுரப் பலகை போதும், ஒரு மணி நேரத்தில் ஆட்டம் முடியும். அதன் படைப்பட்டியலில் தமிழர்–சிங்களருக்கு என்று தனி இடமே உண்டு.

12 பேஸ் என்பது ஏறக்குறைய 40 சிப்பாய்கள், இரண்டு மூன்று யானைகள், சில குதிரைகள். முதன்முதலாகக் கை வைப்பவருக்கு இது தாங்கும் அளவு. 28 மில்லிமீட்டர் சிப்பாய்களும் உண்டு. முகத்தில் மீசை வரை தீட்டலாம். ஆனால் இறக்குமதிச் செலவும் நேரமும் பல மடங்கு. தக்கோலத்துக்கு 15 மி.மீ. போதும்.

சிப்பாய் வார்ப்பில் ஒரு சிக்கல். எஸ்ஸெக்ஸ் மினியேச்சர்ஸ், ஜிஸ்டன் போன்ற பிரிட்டிஷ் வார்ப்பாளர்களிடம் சுலபமாகக் கிடைக்கும் இந்தியப் படை, கி.மு. 326இல் ஜீலம் ஆற்றங்கரையில் அலெக்சாந்தரை எதிர்த்த போரஸின் படை. சோழருக்கும் அவனுக்கும் நடுவே 1,200 ஆண்டுக்கும் மேல் இடைவெளி. ஆனாலும் வெற்று மார்பு, முழங்காலுக்கு மேலே கட்டிய துணி, ஆளுயர வில், நீள வாள் என்ற அமைப்பு செங்கம் நடுகற்களில் இருக்கும் வீரர்களோடு பெரிதும் ஒத்துப்போகிறது. அந்த நடுகற்களில் தலைமுடியை முடிந்து கட்டிய உருவங்கள் தெளிவாக இருக்கும். வார்ப்பில் தலைப்பாகை இருந்தால் கத்தியால் சீவிவிட்டு, எம்-சீல் பசையில் மிளகளவு உருட்டி ஒரு கொண்டை வைத்துவிடலாம். தேர்களை மட்டும் பெட்டியிலேயே விட்டுவிட வேண்டும். 10ஆம் நூற்றாண்டுப் போர்க்களத்துக்கு அவை பொருந்தாது.

இனி வண்ணத்துக்கு வருவோம். ஒரே பூச்சு வண்ணம் என்பது உண்மையில் கண்ணாடித்தன்மையுள்ள நிறமி கலந்த, நன்றாக ஓடக்கூடிய ஒரு திரவம். பள்ளத்தில் தேங்கும் இடத்தில் அடர்ந்து நிழலாகும். மேட்டில் மெலிந்து, அடியில் உள்ள ப்ரைமரின் வெளிர் நிறத்தைக் காட்டும். நவராத்திரிக் கொலு பொம்மைக்கு முதலில் வெள்ளை அடித்துவிட்டு மேலே நிறம் ஏற்றும் கைவினைஞர்களுக்கு இந்த நியாயத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. அடி வெளுப்பு எவ்வளவு சுத்தமோ அவ்வளவு பளிச்சென்று மேல் நிறம் வரும்.

சிட்டடெல் பரிந்துரைக்கும் ப்ரைமர்களில் ‘ரெய்த்போன்’ என்பது லேசான மஞ்சள் ஓடிய வெள்ளை. இதைச் சிப்பாய் மீது அடித்து வெளிச்சத்தில் பிடித்தால், சலவைக்குப் போகாத கோடி வேட்டியின் நிறம் அப்படியே தெரிகிறது. தமிழ்ப் படைக்கு இந்தத் தொழில்நுட்பம் பொருந்துவதற்கு இதுவே முதல் காரணம். ரோமானியச் சிப்பாய்க்கு இரும்புக் கவசம், சிவப்பு அங்கி, தோல் வார், வெண்கலத் தலைக்கவசம் என்று ஐந்தாறு பரப்புகள் உண்டு; ஒவ்வொன்றின் எல்லையிலும் கை நடுங்காமல் கோடு பிடிக்க வேண்டும். தக்கோலத்துச் சிப்பாயிடம் இருப்பது தோலும் துணியும்தான். துணியை ப்ரைமரே முடித்துவிட்டது. மடிப்புகளில் மட்டும் தண்ணீராகக் கரைத்த பழுப்பை ஓட்டினால் போதும். மீதி உள்ளது உடம்பு.

உடம்பில்தான் இந்த வண்ணங்கள் தங்கள் விலைக்கு நியாயம் செய்கின்றன. ‘ஃப்ளெஷ்’ என்று பெயரிட்ட புட்டிகளில் பல ஐரோப்பியத் தோலுக்கானவை. ‘கில்லிமன் ஃப்ளெஷ்’ பூசிய வில்லாளி வெயிலில் சிவந்த சுற்றுலாப் பயணி போல நிற்பான். நமக்கு வேண்டியவை மரம், தோல், விலங்கு ரோமம் என்ற பெயர்களில் இருக்கின்றன. ‘வைல்ட்வுட்’ ஆழ்ந்த கரும்பழுப்பு. ‘கோர்-க்ரன்டா ஃபர்’ சிவப்போடிய பழுப்பு. ‘ஸ்னேக்பைட் லெதர்’ மஞ்சளோடியது. முதலாவதை, வண்ணத்தை நீர்க்கவைக்கும் மீடியத்தோடு சரிபாதி கலந்து அடிப்படையாக வைத்துக்கொண்டு, நான்கு பேரில் ஒருவனுக்கு இரண்டாவதில் ஒரு துளியும், இன்னொருவனுக்கு மூன்றாவதில் ஒரு துளியும் சேர்த்தால் படையில் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்த உண்மை மறைந்துவிடும். ஊர்ச் சந்தையில் நிற்கும் நான்கு பேரின் நிறம் ஒன்றாகவா இருக்கிறது? இராசாதித்தன் திருமுனைப்பாடி நாட்டில் தங்கியிருந்தபோது அவனிடம் சேர நாட்டு வீரர்களும் இருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. ஆக, ஒரே நிறத்தில் நிறுத்தக் காரணமே இல்லை.

பூசும் கை வேகம் முக்கியம். தூரிகையை நிறைய நனைத்து, தோளிலிருந்து கீழ்நோக்கி ஒரே இழுப்பில் வண்ணத்தை விட வேண்டும். வயிற்றிலும் முழங்கைக்கு அடியிலும் குளம் கட்டும். ஈரம் பிழிந்த சுத்தமான தூரிகை நுனியால் அதை உறிஞ்சி எடுக்க வேண்டும். அரைகுறையாகக் காய்ந்த இடத்தைத் திரும்பத் தொட்டால் கறை வளையம் விழும், அது போகாது. குளிர் நாட்டில் இந்த உறிஞ்சும் வேலைக்கு நிதானமான நேரம் இருக்கிறது. ஏப்ரல் பகலில், மின்விசிறி ஓடும் அறையில், முதுகை முடித்துவிட்டு மார்புக்குத் திரும்புவதற்குள் தோள் காய்ந்துவிடுகிறது. மீடியம் கூடுதலாகக் கலப்பது ஒரு வழி. இன்னும் எளிய வழி, மின்விசிறியை நிறுத்திவிட்டு அதிகாலையில் உட்காருவது. வியர்க்கும், ஆனால் வண்ணம் பேச்சைக் கேட்கும்.

ஸ்பீட்பெயின்ட் பற்றி ஓர் எச்சரிக்கை. 2022இல் வந்த முதல் பதிப்பு காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் மறுபடி கரையும் குணம் கொண்டது. பக்கத்தில் வெள்ளை தீட்டினால் பழுப்பு அதில் ஏறிவிடும். 2023இல் வந்த 2.0 பதிப்பில் அந்தக் குறை சரிசெய்யப்பட்டது. பழைய சரக்கு மலிவாக வந்தால் புட்டியில் 2.0 என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்க வேண்டும். மற்றபடி ஸ்பீட்பெயின்டின் சொட்டுப் புட்டி, கான்ட்ராஸ்டின் மூடித் திறக்கும் குப்பியைவிட நம் ஊருக்கு ஏற்றது. திறந்த வாயுள்ள குப்பி வெயில் காலத்தில் கெட்டிப்படும். கைபட்டுக் கவிழ்ந்தால் 18 மில்லியும் பாயில் போய்விடும்.

சரி, எங்கே தோற்கிறது? தட்டையான பரப்பில். கேடயத்தில் ஒரே பூச்சு வண்ணம் திட்டுத்திட்டாகவே நிற்கும், நிழல் விழ அங்கே பள்ளம் கிடையாது. யானையின் விலாவும் அப்படித்தான். இந்த இரண்டுக்கும் சாதாரண ஒளிபுகா அக்ரிலிக் போதும், அதற்கு ஃபெவிக்ரிலோ கேமலோ தாராளம். உள்ளூர்க் கைவினை அக்ரிலிக்கின் நிறமி கொஞ்சம் கரடு, 15 மி.மீ. முகத்தில் அது திட்டாகத் தெரியும், யானையின் முதுகில் தெரியாது. கரும்பழுப்புச் சாம்பல் ஒன்று அடித்து, காய்ந்ததும் அதைவிட வெளிர்ந்ததைத் தூரிகையில் துடைத்தெடுத்து உலர் பூச்சாகத் தேய்த்தால் தோல் சுருக்கம் எழுந்து நிற்கும். வெளிநாட்டுப் பெட்டிப் படங்களில் யானை நீலம் கலந்த சாம்பலில் இருக்கும். கோயில் யானையை அருகில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: காது ஓரத்திலும் துதிக்கையின் அடியிலும் நிறம் வெளுத்து, இளஞ்சிவப்பில் புள்ளி புள்ளியாக இருக்கும். அந்தப் புள்ளிகளை ஊசி நுனியால் வைத்தால் யானைக்கு வயது ஏறிவிடும். தந்தத்துக்கு வெள்ளை வேண்டாம், அடியில் பழுப்பேறிய மஞ்சள்.

துணியின் நிறத்துக்குச் சான்று தேடுபவர்கள் தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றுச்சுவர் ஓவியங்களைப் பார்க்கலாம், 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தவை. போருக்கு அறுபது ஆண்டு பிந்தியவை என்றாலும் காவிச் சிவப்பு, மஞ்சள், பச்சை, சுண்ணாம்பு வெள்ளை, கரி கறுப்பு என்ற அந்த வரிசை மேசைக்கு நல்ல கட்டுப்பாடு. துணிக்குச் சாய வேரின் சிவப்பும் அவுரி நீலமும் சோழமண்டலக் கரையில் காலங்காலமாக உண்டு. பத்துக்கு ஏழு பேருக்குக் கோடித் துணி, மீதிக்குச் சிவப்போ நீலமோ என்று விட்டால் படை இயல்பாக இருக்கும். எல்லாருக்கும் ஒரே சிவப்பு என்றால் அது பிரிட்டிஷ் ரெஜிமென்ட்.

தூரிகையில் கஞ்சத்தனம் கூடாது. கோலின்ஸ்கி முடியில் செய்த ஒன்றாம் எண் தூரிகை ஒன்று இருந்தால் கண் முதல் கேடயக் கோடு வரை முடிக்கலாம். யானைக்கும் பேஸுக்கும் பள்ளிக்கூடச் செயற்கைத் தூரிகை போதும். ஓவியக் கடைகளில் சில இடங்களில் கீரி முடித் தூரிகையை இன்னமும் நீட்டுவார்கள். நுனி நன்றாக நிற்கும் என்று ஆசைகாட்டுவார்கள். காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படி கீரி முடி வணிகம் குற்றம். இந்தத் தூரிகைகளுக்காகக் கீரிகள் கொல்லப்படுகின்றன. வாங்க வேண்டாம்.

ஈரத் தட்டுக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. மூடியுள்ள டிபன் டப்பா, பாத்திரம் துலக்கும் பஞ்சு, அதன் மேல் கேக் சுடப் பயன்படும் பேக்கிங் தாள். பஞ்சு நனைந்திருக்கும் வரை தாள் மேல் வைத்த அக்ரிலிக் காயாது. மெழுகுத்தாள் ஆகாது, அது ஈரத்தை விடாது. நம் ஈரப்பதத்தில் மூன்றாம் நாள் பஞ்சில் பூசணம் பிடித்து வாடை அடிக்கும். உரித்த செப்புக் கம்பித் துண்டு ஒன்றை அடியில் போட்டுவைத்தால் தள்ளிப்போகும். ஒரே பூச்சு வண்ணத்தை மட்டும் ஈரத் தட்டில் ஊற்றக் கூடாது. அது ஏற்கெனவே நீர்த்தது, தாளில் ஓடிவிடும். பீங்கான் கிண்ணமே சரி.

உண்மையான சோதனை ப்ரைமர் ஸ்ப்ரேயில் இருக்கிறது. மழைக்காலத்தில் ஸ்ப்ரே அடித்தால் பூச்சு சிப்பாய் மேல் மணல் தூவியதுபோல் சொரசொரப்பாக உட்காரும். மேல்பூச்சு வார்னிஷ் ஸ்ப்ரே என்றால் வெண்பனி படர்ந்தது மாதிரி மங்கிப்போகும். கறுப்புத் தலைமுடி நரைத்துவிடும். குப்பியில் ‘ஈரமான நாளில் தவிர்க்கவும்’ என்று ஒரு வரி இருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்த வரியை மதித்தால் தை மாதம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இதற்கு விடை கும்மிடிப்பூண்டிப் பக்கமே இருக்கிறது. இரும்புச் சட்டங்களுக்கும் தொட்டிகளுக்கும் பாதுகாப்புப் பூச்சு அடிக்கும் தொழிற்கூடங்களில் பொதுவாக இரண்டு விதிகளைப் பின்பற்றுவார்கள்: காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் பூச்சு நிறுத்தம், உலோகத்தின் வெப்பம் பனிநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூட இருக்க வேண்டும். பத்து மீட்டர் உத்தரத்துக்குப் பொருந்தும் விதி 15 மி.மீ. வில்லாளிக்கும் பொருந்தும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றைச் சுவரில் மாட்டிவிட்டால், மழைக்காலத்திலும் பிற்பகல் இரண்டு மணி அளவில் ஈரப்பதம் அந்த எல்லைக்குக் கீழே இறங்கும் நாட்கள் கணிசமாக இருப்பது தெரியவரும். அந்த நேரத்தில் சிப்பாய்களைப் பத்து நிமிடம் வெயிலில் வைத்து லேசாகச் சூடேற்றிவிட்டு, நிழலில் அடித்தால் பூச்சு வழவழப்பாக நிற்கிறது. அதுவும் இல்லாத வாரத்தில் தூரிகையால் பூசும் ப்ரைமரும் தூரிகையால் பூசும் மேட் வார்னிஷும் கைகொடுக்கும். வார்னிஷைத் தவிர்க்க முடியாது. ஒரே பூச்சு வண்ணம் விரல் உராய்வில் சீக்கிரம் தேயும், நம் விரலில் வியர்வை வேறு.

அடுத்தது பேஸ். இங்கே தராசு தலைகீழாகச் சாய்கிறது. வெளிநாட்டில் ‘பேஸிங் கிட்’ என்று சிறு பெட்டிகளில் மணல், கூழாங்கல், பச்சைப் புல், புதர்க் கொத்து விற்கிறார்கள். பல நூறு ரூபாய்க்குச் சீமை மண்ணை வரவழைத்துத் தக்கோலத்தில் கொட்டுவது வேடிக்கை. அதிலும் அந்தப் புல்லின் பச்சை இங்கிலாந்து மேய்ச்சல் நிலத்தின் பச்சை; நம் நிலத்தில் அந்த நிறம் நாற்றங்காலில் மட்டும்தான் தென்படும்.

இன்னொரு ஆபத்து, கண்ணுக்குப் பழகிய செடிகள். பாலைவனப் பெட்டிகளில் சப்பாத்திக்கள்ளி தவறாமல் இருக்கும். நம் ஊர் வேலியோரத்திலும் அது உண்டு என்பதால் பொருத்தமாகப் படும். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 949இல் அதை இங்கே யாரும் பார்த்திருக்க முடியாது. ஆனைக்கற்றாழையும் உண்ணிச்செடியும் அதே கப்பல் வழி வந்தவை. திருவள்ளூர்ச் சாலையோரம் முழுக்க நிற்கும் சீமைக்கருவேலம் 19ஆம் நூற்றாண்டு வரவு. இவற்றை நீக்கிவிட்டால் மிஞ்சுபவை பனை, ஈச்சை, எருக்கு, ஆவாரை, நாணல். இவற்றில் பனையும் நாணலும் மேசையில் செய்ய எளிது.

செய்முறைக்கு எல்லாம் ஊரிலேயே கிடைக்கும். டி.பி.ஏ. விதிப்படி 15 மி.மீ. பேஸின் முன்பக்க அகலம் 40 மி.மீ.; ஆழம் படைவகைக்கு ஏற்ப மாறும், யானைக்கு அதிகம். வெளிநாட்டில் 2 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் வெட்டித் தருவார்கள். இங்கே அது ஈரம் குடித்து வளையும், ஓரம் உப்பும், கறையானுக்கும் விருந்து. பெயர்ப்பலகையும் விருதுக் கேடயமும் செய்யும் கடைகளில் லேசர் வெட்டும் எந்திரம் இருக்கிறது, 2 மி.மீ. அக்ரிலிக் தகட்டை நூல் பிசகாமல் வெட்டிக் கொடுப்பார்கள். மேல்பரப்பை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபெவிகால் உரிந்து வரும்.

மண்ணுக்கு ஆரணியாற்று மணலில் ஒரு கைப்பிடி, தேநீர் வடிகட்டியில் சலித்தது. ஒரு கைப்பிடிக்கு மேல் அள்ளினால் அது வேறு தொழில். பழவேற்காட்டுக் கடற்கரை மணல் பார்க்க அழகு, ஆனால் உப்பு. அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துப் பசையை இளக்கும். வேண்டுமென்றால் பலமுறை நல்ல தண்ணீரில் அலசிக் காயவைக்க வேண்டும். செம்மண் நிறத்துக்குச் செங்கல் பொடி. சூளைகள் நிறைந்த மாவட்டத்தில் உடைந்த செங்கலுக்குப் பஞ்சமில்லை. இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு செங்கல் பொடி, ஃபெவிகாலில் பாதி தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவம். அந்தச் சொட்டு இல்லாவிட்டால் பசை மணலுக்குள் இறங்காமல் மேலேயே உருண்டு நிற்கும். காய்ந்ததும் கரும்பழுப்பை ஓடவிட்டு, வெளிர் மண் நிறத்தில் உலர் பூச்சு. செங்கல் பொடியின் சொந்த நிறத்தை நம்பி அப்படியே விட்டால் பசை அதை இருட்டாக்கி ஈரக் களிமண்போல் காட்டும், எனவே வண்ணம் அவசியம்.

இதன் மேல் ஒரு கறையான் புற்று. பட்டாணி அளவு எம்-சீலை நான்கைந்து கூம்புகளாகக் கிள்ளி ஒன்றோடொன்று ஒட்டி, பல்குச்சியால் துளையிட்டு, ஈரமாக இருக்கும்போதே அதே மணல் கலவையில் புரட்டியெடுத்தால் முடிந்தது. வெளிநாட்டு பேஸ்களில் இதைப் பார்க்கவே முடியாது; நம் நிலத்தின் அடையாளமே இதுதான். பனங்கன்றுக்குச் சன்னமான தாளை விசிறியாக மடித்து, ஓரத்தைக் கத்தரியால் கீறி, பச்சையோடு சாம்பல் கலந்து அடிக்கலாம். காய்ந்த சருகுக்குத் தேங்காய் நார்த்தூள். தோசைக்கல்லில் வறட்டி எடுத்தபின் ஒட்டாவிட்டால் கார்த்திகையில் பேஸில் பூசணம் முளைக்கும்.

புல் நிறுத்துவதற்கு மட்டும் ஒரு கருவி தேவைப்படுகிறது. நைலான் இழைகளுக்கு மின்னேற்றம் கொடுத்து, பசை தடவிய பேஸை எதிர்முனையோடு இணைத்தால், இழைகள் மின்புலத்தின் திசையில் நிமிர்ந்து பசையில் செருகி நிற்கும். கடையில் விற்கும் கருவிக்குப் பல ஆயிரம் ரூபாய். அதே வேலையைக் கொசு பேட் செய்யும். அதன் உள்ளே இருக்கும் சுற்று, இரண்டு பேட்டரியின் மின்சாரத்தை ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் உயர்த்துகிறது. வலையைக் கழற்றிவிட்டு ஒரு கம்பியை உலோகத் தேநீர் வடிகட்டிக்கும், மற்றதை ஒரு முதலை கிளிப்புக்கும் கொடுத்து, கிளிப் பிடித்த ஊசியை ஈரப் பசையில் குத்தி, மேலே வடிகட்டியைத் தட்டினால் புல் விழுகிறது. சுவிட்சை அணைத்த பிறகும் மின்தேக்கியில் மின்சாரம் இருக்கும். கைப்பிடி இன்சுலேஷன் உள்ள திருப்புளியால் இரு முனைகளையும் தொட்டு இறக்காமல் கம்பியைத் தொடக் கூடாது. மின்வேலை தெரியாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்துகொள்ள வேண்டும், பிள்ளைகள் கைக்கு எட்டவே கூடாது.

பயன் எப்படி? வெயில் காலத்தில் 2 மி.மீ. இழைகள் அழகாக நிமிர்கின்றன. 6 மி.மீ. இழைக்குக் கொசு பேட்டின் வோல்ட் போதவில்லை, பாதி சாய்ந்துவிடுகிறது. மழைநாளில் ஈரக் காற்று மின்னேற்றத்தைக் கசியவிடுவதால் இழைகள் உருண்டு திரண்டு, தலைசீவாத மாதிரி படுத்துவிடும். ஈரப்பதமானி காட்டும் எண் இங்கேயும் எஜமான். இத்தனை பாடு வேண்டாம் என்பவர்கள் பழைய பெயின்ட் பிரஷின் முடியை வெட்டிக் கொத்தாக ஒட்டினால் நாணல் கிடைத்துவிடும். வைக்கோல் நிறத்தில் வாங்கினால் வண்ணம்கூட அடிக்க வேண்டியதில்லை. 15 மி.மீ. அளவில் ஒரு பேஸுக்கு மூன்று கொத்துக்கு மேல் புல் இருந்தால் சிப்பாய்களின் இடுப்பு மறைந்துவிடும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கொசு பேட் கருவி செய்து பார்க்கும் சந்தோஷத்துக்கே தவிர, தேவைக்கு அல்ல.

இராட்டிரகூடர் படையை எதிரில் நிறுத்த வேண்டுமென்றால் அதே வார்ப்புகளே உதவும். துணியில் நீலமும் மஞ்சளும் கூட்டி, குதிரைகளின் எண்ணிக்கையை ஏற்றி, பேஸின் ஓர விளிம்பை மட்டும் வேறு நிறத்தில் பூசினால் மேசையில் குழப்பம் வராது. சோழருக்கு விளிம்பு கரும்பழுப்பு, எதிரிக்குக் கறுப்பு.

ஆக, வாங்க வேண்டிய பட்டியல் சிறியது. வெளிர் ப்ரைமர் ஒன்று, ஒரே பூச்சு வண்ணத்தில் ஆழ்ந்த பழுப்பு, செம்பழுப்பு, காவிச் சிவப்பு, கருநீலம் என நான்கு புட்டி, அதே நிறுவனத்தின் மீடியம் ஒரு புட்டி, நல்ல தூரிகை ஒன்று, ஒரு மேட் வார்னிஷ். இந்த வரிசைகளில் வெள்ளையும் மஞ்சளும் ஏமாற்றம் தருபவை. வெள்ளை அழுக்குச் சாம்பலாகவும், மஞ்சள் பள்ளங்களில் ஆரஞ்சாகவும் தேங்கும். இரண்டும் தமிழ்ப் படைக்குத் தேவையும் இல்லை. 18 மி.லி. புட்டி ஒன்று 15 மி.மீ. அளவில் பல படைகளுக்கு வரும், ஆகவே நூறுகளில் இருக்கும் விலையைச் சிப்பாய்க்குச் சிப்பாய் பிரித்தால் பெரிதாக வலிக்காது. கான்ட்ராஸ்டா ஸ்பீட்பெயின்டா என்று கேட்டால், பழுப்புகளின் ஆழத்தில் கான்ட்ராஸ்ட் ஒரு படி மேல். புட்டியின் வசதியிலும் விலையிலும் ஸ்பீட்பெயின்ட் 2.0 முந்துகிறது. ஆரணி வெயிலுக்குப் பின்னதே சிக்கனம். புல், மணல், பாறை, புதர் என்று அலமாரியில் அடுக்கியிருக்கும் மற்ற பெட்டிகளுக்கு ஒதுக்கிய பணத்தில் இன்னொரு யானை வரவழைத்துக்கொள்ளலாம், டி.பி.ஏ. பட்டியல் அதற்கு இடம் கொடுக்கும்.